'கட்-ஆஃப் எவ்வளவு?' – ஒரு கேள்வி, இரண்டு தராசு

முதல் வருஷம் ஹாஸ்டலுக்கு வந்த முதல் வாரத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்க. பேர் என்ன, எந்த ஊர், எந்த டிபார்ட்மென்ட். நாலாவது கேள்வி எது? "கட்-ஆஃப் எவ்வளவு?" பெரும்பாலும் சும்மா கேட்கிற கேள்விதான். ஆனால் சில பேரிடம் கேட்கும்போது மட்டும் அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கும்: "நீ எப்படி உள்ளே வந்தே?" கேட்பவருக்கும் அது தெரியும். கேட்கப்படுபவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

இதெல்லாம் நம்ம கவுன்சிலிங் ஹாலோடு முடிந்துவிடுகிற விஷயம் என்று நினைத்தால், 2022 மார்ச் மாதம் அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்க.

அந்த நாட்டு உச்ச நீதிமன்றத்தில் ஒரு இடம் காலியாகவிருந்தது. அதற்கு கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சன் என்ற கறுப்பினப் பெண்ணின் பெயரை அதிபர் ஜோ பைடன் பரிந்துரைத்திருந்தார். அவருக்கு அப்போது 51 வயது. ஹார்வர்டில் இளங்கலை, ஹார்வர்டிலேயே சட்டம். எந்த நீதிபதி ஓய்வு பெறுகிறாரோ, அதே ஸ்டீபன் பிரேயரிடம் இளம் வயதில் உதவியாளராக வேலை பார்த்தவர். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக அரசு செலவில் வாதாடியவர். தண்டனை நெறிமுறைகளை வகுக்கும் ஆணையத்தின் துணைத் தலைவர். எட்டு வருஷம் விசாரணை நீதிமன்ற நீதிபதி. அதற்குப் பிறகு மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி. வெவ்வேறு பதவிகளுக்காக மூன்று முறை செனட் சபையின் ஒப்புதலைப் பெற்றவர்.

இவ்வளவும் கண்முன்னால் இருக்கும்போது டக்கர் கார்ல்சன் என்ற பிரபல டிவி தொகுப்பாளர் ஒன்று கேட்டார். அவருடைய எல்சாட் மார்க் எவ்வளவு?

எல்சாட் என்பது அங்கே சட்டக் கல்லூரியில் சேர எழுதும் நுழைவுத் தேர்வு. ஜாக்சன் சட்டப் படிப்பில் சேர்ந்தது 1993-ல். ஆக, ஏறக்குறைய 30 வருஷத்துக்கு முந்தைய மார்க்கைத்தான் கேட்கிறார்கள். அதற்கு முன் டொனால்ட் ட்ரம்ப் மூன்று நீதிபதிகளை நியமித்திருந்தார். அந்த மூன்று பேரைப் பற்றியும் பெரிய பெரிய சண்டைகள் நடந்தன. நுழைவுத் தேர்வு மார்க் மட்டும் ஒரு பிரச்சினையாக எழவே இல்லை.

ஏன் இவரிடம் மட்டும்? காரணம் சொன்னார்கள். 2020 தேர்தல் பிரசாரத்திலேயே பைடன், "வாய்ப்பு கிடைத்தால் ஒரு கறுப்பினப் பெண்ணை உச்ச நீதிமன்றத்துக்கு நியமிப்பேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். இனத்தையும் பாலினத்தையும் முதலில் முடிவு செய்துவிட்டு ஆளைப் பிறகு தேடுவது தகுதிக்குச் செய்கிற துரோகம் இல்லையா என்று கேட்டார்கள். இப்படி நினைத்தவர்கள் கொஞ்சம் பேர் இல்லை. 2022 ஜனவரியில் வந்த ஏபிசி நியூஸ் - இப்ஸோஸ் கருத்துக்கணிப்பில் 76 சதவீதம் பேர், பைடன் தகுதியுள்ள எல்லோரையும் பரிசீலிக்க வேண்டும் என்றார்கள். கறுப்பினப் பெண்களை மட்டும் பரிசீலித்தால் போதும் என்றவர்கள் 23 சதவீதம்தான்.

அந்த 76 சதவீதத்தை இனவெறியர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் கேட்டது நியாயமாகக் காதில் விழுகிற ஒன்று. ஆனால் அந்த நியாயத்துக்குள் ஒரு வரலாறு விடுபட்டிருக்கிறது. அதைத்தான் இங்கே பேசப் போகிறேன்.

வாக்குறுதி ஒன்றும் புதுசு இல்லை

அமெரிக்க உச்ச நீதிமன்றம் உருவானது 1789-ல். அங்கே முதல் கறுப்பின நீதிபதியாக தர்குட் மார்ஷல் வந்தது 1967-ல். நடுவில் 178 வருஷம். முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் வந்தது 1981-ல். ஜாக்சனுக்கு முன்னால் அந்த நாற்காலிகளில் மொத்தம் 115 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் 108 பேர் வெள்ளை ஆண்கள்.

அந்த 108 பேரையும் தகுதியை மட்டும் பார்த்துத்தான் எடுத்தார்களா? இல்லவே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எந்த மாநிலத்துக்காரர் என்பதே பெரிய கணக்கு. வடகிழக்குக்கு ஒரு இடம், தெற்குக்கு ஒரு இடம் என்று பார்த்துப் பார்த்துப் போட்டார்கள். பிறகு மதம் வந்தது. 1956-ல் தேர்தல் நெருங்கிய சமயத்தில், குடியரசுக் கட்சி அதிபர் ஐசன்ஹோவர் ஒரு கத்தோலிக்கரைத் தேடினார். அவர் எதிர்க்கட்சிக்காரராக இருந்தால் இன்னும் நல்லது என்று நினைத்தார். அப்படிக் கிடைத்தவர்தான் வில்லியம் பிரென்னன். அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான நீதிபதிகளில் ஒருவராக இன்று எல்லோரும் சொல்கிற பெயர் அது. "கத்தோலிக்க கோட்டா" என்று யாராவது அவரைக் குத்திக்காட்டிக் கேட்டிருக்கிறீர்களா?

சரி, "ஒரு பெண்ணை நியமிப்பேன்" என்று முன்கூட்டியே சொன்ன முதல் ஆள் பைடனா? அதுவும் இல்லை. 1980 அக்டோபரில், தேர்தலுக்குச் சில வாரம் முன்பு, ரொனால்ட் ரீகன் இதே மாதிரி வாக்குக் கொடுத்தார். அவர் பழமைவாதிகளின் செல்லப் பிள்ளை. அடுத்த வருஷமே ஓ'கானரை நியமித்தார். செனட்டில் ஓட்டு 99-க்கு 0. 2020 செப்டம்பரில் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் இறந்த மறுநாள், அந்த இடத்துக்கு ஒரு பெண்தான் வருவார் என்று ட்ரம்ப் பொதுக்கூட்டத்திலேயே அறிவித்தார். ஏமி கோனி பேரட் வந்தார். ரீகன் சொன்னபோதும் ட்ரம்ப் சொன்னபோதும் "மெரிட் போச்சே" என்ற கூச்சல் இந்த அளவுக்குக் கேட்கவில்லை.

ஓ'கானர் கதையில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவர் ஸ்டான்போர்டு சட்டக் கல்லூரியின் முன்னணி மாணவி. 1952-ல் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடியபோது ஒரு பெரிய சட்ட நிறுவனம் அவருக்குத் தர முன்வந்த வேலை செக்ரட்டரி வேலை. கடைசியில் கலிபோர்னியாவில் ஒரு மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் சம்பளம் இல்லாமல்தான் ஆரம்பித்தார். நம்ம பாஷையில் சொன்னால் டாப்பருக்கு பிளேஸ்மென்ட் கிடைக்கவில்லை, அன்பெய்ட் இன்டர்ன்ஷிப்தான் கிடைத்தது. 1981-ல் ரீகன் அவரைத் தேர்ந்தெடுத்தபோது அவர் அரிசோனா மாநில நீதிபதி. மத்திய நீதிமன்றங்களில் ஒரு நாள் கூட நீதிபதியாக இருந்ததில்லை. ரெஸ்யூமை மட்டும் வைத்துப் பார்த்தால் அவரைவிடக் கனமான ஆண்கள் நிறைய பேர் இருந்திருப்பார்கள். ஆனால் அந்த ரெஸ்யூம் ஏன் மெலிசாக இருந்தது? 1952-ல் கதவைச் சாத்தியவர்கள்தான் காரணம். கதவைச் சாத்தியவர்களே முப்பது வருஷம் கழித்து வந்து "அனுபவம் போதாது" என்று சொன்னால் அது என்ன நியாயம்?

கறுப்பினப் பெண்களுக்கு இந்தக் கதவு இன்னும் இறுக்கம். கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி என்று ஒருவர். பள்ளிகளில் இனப் பாகுபாட்டை ஒழித்த புகழ்பெற்ற 'பிரவுன்' வழக்கின் மனுவை எழுதியவர். உச்ச நீதிமன்றத்தில் பத்து வழக்குகள் வாதாடி ஒன்பதில் ஜெயித்தவர். 1966-ல் மத்திய நீதிமன்ற நீதிபதியான முதல் கறுப்பினப் பெண் அவர்தான். அதற்கு மேலே அவரால் போக முடியவில்லை. மோட்லி பிறந்தது செப்டம்பர் 14, 1921. ஜாக்சன் பிறந்ததும் செப்டம்பர் 14-தான், 49 வருஷம் கழித்து. ஒரே பிறந்தநாள் கொண்ட இரண்டு பேரில் ஒருவருக்கு ஏணி பாதியில் நின்றது. இன்னொருவர் மேலே போனபோது "மார்க் ஷீட்டைக் காட்டு" என்றார்கள்.

திருநெல்வேலி வேர் உள்ள ஒரு பெயர்

இந்தச் சண்டைக்குள் நம்ம பக்கத்துப் பெயர் ஒன்றும் இழுக்கப்பட்டது. பலருக்கு இது தெரியாது.

ஸ்ரீ சீனிவாசன். அப்பாவின் பூர்வீகம் திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு கிராமம். இவர் பிறந்தது சண்டிகரில், வளர்ந்தது அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில். 2013-ல் வாஷிங்டனின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நீதிபதியானபோது செனட்டில் ஓட்டு 97-க்கு 0. 2020-ல் அதே நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. ஆள் படுகெட்டிக்காரர் என்பதில் இரண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

2022 ஜனவரியில் இல்யா ஷபீரோ என்ற சட்ட அறிஞர் ட்விட்டரில் எழுதினார். பைடன் தேர்ந்தெடுக்க வேண்டிய மிகச் சிறந்த ஆள் சீனிவாசன்தான் என்றார். ஆனால் அடையாள வரிசையில் அவர் பொருந்தாததால், அவரைவிடக் குறைந்த ஒரு கறுப்பினப் பெண்தான் நமக்குக் கிடைப்பார் என்றார். அப்போது பைடன் யாருடைய பெயரையும் அறிவித்திருக்கவே இல்லை என்பதைக் கவனியுங்க. எந்தப் பெண் என்றே தெரியாது. ஆனாலும் அவர் குறைந்தவர். எதிர்ப்பு கிளம்பியதும் பதிவை நீக்கி, வார்த்தை தவறிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டார். அவர் சேரவிருந்த பல்கலைக்கழகம் விடுப்பில் வைத்து விசாரித்தது, பிறகு சேர அனுமதித்தது, அவரே விலகிக்கொண்டார். ஒரு ட்வீட்டுக்காக ஒருவரை மாதக்கணக்கில் விசாரிக்க வேண்டுமா என்பது தனி விவாதம். அதில் எனக்கும் சந்தேகம் உண்டு.

நான் சொல்ல வருவது வேறு. "பார்த்தியா, நம்மாளுக்கு வர வேண்டிய இடம் போச்சு" என்று ஒரு நிமிஷம் நமக்கும் தோன்றும். அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்க. 2016-ல் ஒபாமா ஆட்சியின் கடைசி வருஷத்தில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு இடம் காலியானபோது இதே சீனிவாசனின் பெயர் இறுதிப் பட்டியல் வரை வந்தது. அப்போது செனட்டில் பெரும்பான்மை வைத்திருந்த குடியரசுக் கட்சி, யாரை அனுப்பினாலும் விசாரிக்கவே மாட்டோம் என்று கதவை மூடியது. கடைசியில் ஒபாமா பரிந்துரைத்த மெரிக் கார்லண்டுக்கு ஒரு விசாரணை கூட நடக்கவில்லை. தகுதி தகுதி என்று மேஜையைத் தட்டுகிற முகாம் அன்று யாருடைய தகுதியையும் பார்க்கத் தயாராக இல்லை. 2022-ல் மட்டும் நம்ம ஊர்ப் பெயர் அங்கே இனித்தது ஏன்? ஒரு கறுப்பினப் பெண்ணை அடிக்க ஒரு கம்பு தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

இன்னொரு தகவலும் சொல்லிவிடுகிறேன். சீனிவாசன் இளம் வழக்கறிஞராக உச்ச நீதிமன்றத்தில் உதவியாளராக இருந்தது யாரிடம் தெரியுமா? ஓ'கானரிடம். ரீகனின் வாக்குறுதியால் வந்த அதே நீதிபதியிடம்.

இந்தப் பக்கமும் சுத்தம் இல்லை

இவ்வளவு சொல்லிவிட்டு பைடனை சமூக நீதிக் காவலராக்கிவிட்டு எழுந்து போனால் அது ஏமாற்று வேலை.

அந்த வாக்குறுதி எப்போது வந்தது? 2020 பிப்ரவரி 25, தென் கரோலினா மாநிலத்தில் நடந்த விவாத மேடையில். அதுவரை நடந்த மூன்று மாநில உட்கட்சித் தேர்தல்களிலும் பைடன் தோற்றிருந்தார். தென் கரோலினாவில் அவரது கட்சி வாக்காளர்களில் பாதிக்கும் மேல் கறுப்பின மக்கள். அங்கே செல்வாக்குள்ள எம்.பி. ஜேம்ஸ் கிளைபர்ன் இந்த வாக்குறுதியைக் கொடுக்கும்படி வலியுறுத்தினார். பைடன் கொடுத்தார். மறுநாள் கிளைபர்ன் ஆதரவை அறிவித்தார். நாலாவது நாள் பைடன் ஜெயித்தார். தேர்தல் கணக்கு இல்லாமல் அந்த வாக்குறுதி பிறக்கவில்லை.

இதைவிடக் கசப்பான கதையும் இருக்கிறது. 2003-ல் அதிபர் ஜார்ஜ் புஷ், ஜானிஸ் ரோஜர்ஸ் பிரவுன் என்ற கறுப்பினப் பெண்ணை வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்தார். அலபாமாவில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்து கலிபோர்னியா மாநில உச்ச நீதிமன்றம் வரை வந்தவர். ஆனால் கடுமையான பழமைவாதி. பைடன் உள்ளிட்ட ஜனநாயகக் கட்சியினர் இரண்டு வருஷம் அவரைத் தடுத்து வைத்தார்கள். கருத்துக்காக எதிர்த்தார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் அந்த நீதிமன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் படிக்கட்டு. அந்தப் படியில் அன்று அவர்கள் மறித்ததும் ஒரு கறுப்பினப் பெண்ணைத்தான். "முதல் கறுப்பினப் பெண்" என்று பிறகு மாலை போடும்போது இதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாமா?

ஒரே இனம், எதிரெதிர் தீர்ப்பு

அடையாளம் பார்த்து நியமித்தால் அந்தச் சமூகத்துக்கு நல்லது நடந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு 1991 ஒரு பாடம்.

தர்குட் மார்ஷல் ஓய்வு பெற்றார். உங்கள் இடத்துக்கு இன்னொரு கறுப்பினத்தவர்தான் வர வேண்டுமா என்று நிருபர்கள் கேட்டார்கள். வெள்ளைப் பாம்பானாலும் கறுப்புப் பாம்பானாலும் கடிக்கத்தான் செய்யும் என்று தன் அப்பா சொன்னதாக அவர் பதில் சொன்னார். சில நாளில் அப்போதைய அதிபர், முதலாம் புஷ், கிளாரன்ஸ் தாமஸை அறிவித்தார். இனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, இவர்தான் அதிகத் தகுதியானவர் என்றார். தாமஸுக்கு அப்போது 43 வயது, நீதிபதி அனுபவம் ஒன்றரை வருஷம் கூட இல்லை. தன்னிடம் பாலியல் ரீதியாகத் தவறாகப் பேசினார் என்று அனிதா ஹில் என்ற கறுப்பினப் பெண் பேராசிரியர் சாட்சி சொன்னபோது, எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்ட 14 செனட்டர்களும் வெள்ளை ஆண்கள். தாமஸ் குற்றச்சாட்டை மறுத்தார். 52-க்கு 48 என்று ஜெயித்தார். அந்தக் குழுவின் தலைவர் யார்? இதே ஜோ பைடன்.

தாமஸின் வாழ்க்கையில் என்னை உலுக்கிய ஒரு விஷயம் உண்டு. அவர் யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். இனம் பார்த்துத்தான் இடம் கொடுத்தார்கள் என்று வேலை கொடுப்பவர்கள் தன் பட்டத்தை மதிக்கவில்லை என்ற கோபத்தில், சுருட்டுப் பெட்டியில் இருந்த 15 சென்ட் விலைச் சீட்டை எடுத்து அந்தப் பட்டச் சட்டத்தில் ஒட்டிவிட்டதாகத் தன் சுயசரிதையில் சொல்கிறார். "நீ எப்படி உள்ளே வந்தே?" என்ற கேள்வி ஒரு மனுஷனை என்ன பாடுபடுத்தும் என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம். ஜாக்சனும் சிறுமியாக இருந்தபோது ஹார்வர்டுக்குப் போகணும் என்றார். அவ்வளவு உயரத்துக்கு ஆசைப்படாதே என்றார் பள்ளியில் வழிகாட்ட வேண்டிய ஆலோசகர். இரண்டு பேரும் ஒரே காயத்தோடு வந்தவர்கள்.

ஆனால் போய்ச் சேர்ந்த இடம் வேறு. 2023 ஜூன் 29 அன்று, கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தாமஸ் அதை ஆதரித்துத் தனியாக எழுதினார். வடக்கு கரோலினா பல்கலைக்கழக வழக்கில் ஜாக்சன் எதிர்த்து எழுதினார். ஒருவர் வாதத்தை ஒருவர் பெயர் சொல்லியே மறுத்தார்கள். இந்த இனத்தவர் இப்படித்தான் யோசிப்பார் என்று இனி யாராவது சொன்னால் அந்தத் தீர்ப்பைக் காட்டுங்க.

அப்போ நாம என்னதான் கேட்கணும்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நம்ம இடஒதுக்கீடும் அமெரிக்க நீதிபதி நியமனமும் ஒன்றல்ல. இங்கே சட்டம் இருக்கிறது, விகிதம் இருக்கிறது, ரேங்க் லிஸ்ட் இருக்கிறது. அங்கே ஒரு அதிபரின் விருப்பமும் செனட்டின் ஓட்டும்தான். அதனால் அங்கிருந்து விடையைக் காப்பியடிக்க முடியாது. ஆனால் அந்தக் குத்தல் கேள்வி இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

என் கட்சி இதுதான். பெரிய பதவிக்கு ஒருவர் வரும்போது தகுதியைக் கேட்கத்தான் வேண்டும், கடுமையாகவே கேட்க வேண்டும். ஆனால் எல்லோரிடமும் கேட்க வேண்டும். 108 பேர் உள்ளே போகும்போது தூங்கிக்கொண்டிருந்துவிட்டு ஒருவர் வரும்போது மட்டும் எழுந்து மார்க் ஷீட் கேட்கிற காவலாளி தகுதியைக் காக்கவில்லை, வாசலைக் காக்கிறார். அதே மாதிரி, வந்தவர் நம்ம இனம், நம்ம பாலினம் என்பதற்காகக் கேள்வியே கேட்காமல் கைதட்டுவதும் தப்பு. நியமித்தவர் என்ன கணக்கில் நியமித்தார், இதற்கு முன் யாரையெல்லாம் மறித்தார், உட்கார்ந்தவர் அந்த நாற்காலியில் என்ன செய்கிறார் என்று தொடர்ந்து பார்க்க வேண்டும்.

2022 ஏப்ரல் 7 அன்று ஜாக்சன் 53-க்கு 47 என்ற ஓட்டில் ஜெயித்தார். ஓ'கானருக்கு 99, சீனிவாசனுக்கு 97, இவருக்கு 53. அந்த எல்சாட் மார்க்கை அவர் வெளியிடவே இல்லை. வெளியிட வேண்டிய அவசியமும் இல்லை.

அடுத்த ஜூலையில் நம்ம ஹாஸ்டலுக்குப் புது பேட்ச் வரும். அசோசியேஷன் செக்ரட்டரி யார், பிளேஸ்மென்ட் கோஆர்டினேட்டர் யார் என்று நாமும் நியமனங்கள் செய்வோம். போன அஞ்சு வருஷமாக அந்தப் பதவிகளில் யார் யார் இருந்தார்கள் என்று ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்க. அவர்களில் எத்தனை பேரிடம் "இதுக்கு நீ தகுதியா?" என்று கேட்டோம் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்க. அதற்குப் பிறகு, புதுசாக வருகிற அந்தப் பெண்ணிடமோ பையனிடமோ கட்-ஆஃப் கேட்கணும் என்று தோன்றினால் தாராளமாகக் கேளுங்க. கூடவே உங்களுடையதையும் சொல்லிவிடுங்க.